உள்ளே எப்போதும் ஐப்பசி

தப்பு செய்துவிட்டது தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் காது சிவக்கும், கை எதையாவது துழாவும். அவனுக்குப் புருவம் மேலே ஏறும், உதடு விரியும். "நான்தான் கெடுத்தேன்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வான். வீட்டில் குழந்தை பிறந்த சேதியைச் சொல்வதுபோல் இருக்கும்.

அவன் என் சகலை. என் மனைவி கலாவின் தங்கையைக் கட்டியவன். நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசிக்கொள்வோம். எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றே வருகிறது, விட்டுவிடுகிறேன். பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. குடும்பத்தில் யார் எந்த வருடம் பிறந்தார், எப்போது வீடு மாறினார் என்பதையெல்லாம் குறித்து வைக்கிறவன் நான். அதனால் இதைப் படிக்கிற உறவினர்கள் பெயரில்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கள் மாமனார் பெங்களூர் ஜோகுபாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். முன்னால் மாதிரிப் பத்திரிகைகள் மாட்டிய சின்ன அறை, பின்னால் அச்சு இயந்திரம், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். 1996-இல் நான் மருமகனாகப் போனதிலிருந்து அங்கே ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்விடுவேன். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்ப்பேன். நான் மூலையில் 'சரி' என்று எழுதாமல் எதுவும் இயந்திரத்துக்குப் போகாது. என் 'சரி'க்குப் பிறகு ஒரு தேதி தப்பானது என்று எவரும் வந்து நின்றதில்லை. அதைப் பற்றி எவரும் பேசியதும் இல்லை. தப்பாகாத தேதியைப் பற்றி என்ன பேசுவது?

2004 சித்திரையில் அவனுக்குக் கல்யாணமாயிற்று. முதல் முறையாக விருந்துக்கு வந்திருந்த அன்று காலையில், செல்போனில் பேசிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனவன், அத்தை பிழிந்து காயவைத்திருந்த வடகத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டான். புது மருமகன். வேறு யாராக இருந்தாலும் பேசாமல் கீழே இறங்கி வந்து காக்காய் மேல் பழி போட்டிருப்பார்கள். இவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனான்.

"அத்தை, உங்க வடகத்த நான்தான் மிதிச்சேன். ஒரு பாய் முழுசா போச்சு. இங்க பாருங்க, செருப்புல ஒட்டியிருக்கு."

அத்தை முதலில் "ஐயோ" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஊர்க்கதை பேசும்போதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் காலில் படாமல் தப்பித்த வடகத்தைப் பொறுக்கி எடுத்து அவனுக்கென்று தனியாகப் பொரித்துக் கொடுத்தார். எட்டு வருடமாக அதே மாடியில் வடகத்தைச் சுற்றி ஒதுங்கி நடந்தவன் நான். எனக்கென்று தனியாக வாணலி ஏறியதில்லை.

கலாவிடம் அன்று ராத்திரியே சொன்னேன்.

"அதுக்கு நீங்களும் போய் மிதிச்சிருக்கணும்" என்றாள்.

கன்னடமும் அப்படித்தான். அவன் தருமபுரிப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து சில வருடமே ஆகியிருந்தது. கன்னடத்தில் ஆண்பால் பெண்பால் எல்லாவற்றையும் கலக்கி அடிப்பான். ஆட்டோக்காரர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் திருத்துவார்கள், திருத்திவிட்டு மீட்டர் போடுவார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊர். என் கன்னடத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. என்னிடம் ஒன்றரை மடங்கு கேட்பார்கள்.

இன்னொன்று. மாமனாரை ஒவ்வொரு வருடமும் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போவது நான்தான். சரியான நாளில், சரியான நேரத்துக்கு, பழைய சீட்டுகளோடு. ஒரு வருடம் எனக்குத் தணிக்கை வேலை வந்துவிட, அவன் அழைத்துப்போனான். போனது ஒருநாள் முன்னால். ஆஸ்பத்திரி வாசலிலேயே, "மாமா, நாள தப்பா பாத்துட்டேன்" என்றிருக்கிறான். இரண்டு பேரும் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து கடலை தின்று, மசால் தோசை சாப்பிட்டு, மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கதையை மாமனார் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழைத்துப்போன வருடங்களைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு கதையும் இல்லை.

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

2007 ஐப்பசி பிறந்ததும், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கடையின் பழைய கம்ப்யூட்டர் மத்தியானத்துக்குள் இரண்டு முறை அணைந்துபோகத் தொடங்கியது. புதிது வாங்கினோம். கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ்.ஸும் புதிதாக அதில் போட்டே வந்தது. கடையின் தமிழ் எழுத்துகளெல்லாம் தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு மென்பொருளில் இருந்தன. அது புது ஓ.எஸ்.ஸில் திறக்கவே மறுத்தது. பத்து வருடத்துப் பத்திரிகைகள் அத்தனையும் அந்த எழுத்தில். மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கவலப்படாதீங்க மாமா. புதுசுக்குள்ள பழசு ஒண்ண உக்கார வெச்சிடலாம்" என்றான் அவன்.

"இன்னா மாப்ளே, பொட்டிக்குள்ள பொட்டியா?"

"அதேதான் மாமா. ஆனா உள்ள இருக்கறது நெஜப் பொட்டி இல்ல. தான் ஒரு பொட்டின்னு அது நெனச்சிக்கும், அவ்ளோதான். எங்க ஆபீஸ்ல இதே வேலதான். வி.எம்.னு சொல்வோம்."

ஒரே மத்தியானத்தில் செய்துவிட்டான். திரைக்குள் ஒரு சின்னத் திரை, அதில் பழைய ஓ.எஸ்., அதற்குள் நம்முடைய தமிழ் எழுத்து. டைப் அடிக்கும் செல்வி கை தட்டினாள். கடைசியில் உள்ளே இருந்த ஓ.எஸ். தன் உரிம எண்ணைக் கேட்டது. பழைய பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டை நான் படிக்க, அவன் தட்டினான். செல்லாது என்றது. நான் எட்டை 'பி' என்று படித்திருப்பேனோ என்று அவன் கேட்டான். மறுபடி படித்தேன். மறுபடி செல்லாது. இணைய இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தான், போட்டுப் பார்த்தான். பிறகு அதில் சொல்லியிருந்த இலவச எண்ணுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. இயந்திரக் குரல் கேட்ட நீளமான எண்ணையெல்லாம் கூட்டம் கூட்டமாக அழுத்தி முடித்த பிறகு ஒரு பெண் வந்தார். எல்லோரிடமும் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்டார்: இந்தப் பிரதியை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள்?

"ரெண்டுல மேடம்" என்றான் அவன் ஆங்கிலத்தில். "பழைய கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கு. இப்ப புதுசுக்கு உள்ள போடறேன். உள்ளன்னா, நெஜமாவே உள்ள."

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். பயனில்லை. அந்த எண் பழைய பெட்டியோடு விற்றது, அந்தப் பெட்டிக்கு மட்டுமே செல்லும், வி.எம்.முக்குத் தனியாக ஒரு பிரதி வாங்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார். அதோடு போனை வைத்திருக்கலாம். கடையில் எந்தப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கொடுத்தால் வாங்கக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கல்யாணப் பத்திரிகைக் கடையா, நல்லது என்று சிரித்துவிட்டு வைத்தார்.

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"கேட்டாங்களே அண்ணா" என்றான்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான். பழைய ஓ.எஸ்.ஸின் சரக்கு குறைந்துவிட்டதால் அவர்கள் 'நாளைக்கு' என்றார்கள், பிறகும் 'நாளைக்கு' என்றார்கள். உள்ளே இருந்த ஓ.எஸ். எண் இல்லாமல் ஒரு மாதம் ஓடும். அப்புறம் கதவைச் சாத்திக்கொள்ளும். மனிதரிடம் பொய் சொல்ல வராத அவன் இயந்திரத்திடம் கூசாமல் சொன்னான். முதல்நாள் நிலையை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தான். மாதம் முடியும் சமயத்தில் அந்த நிலைக்கே திருப்பிவிடுவான். வெளியே உள்ள தேதி உள்ளே தெரியாதபடி தேதி இணைப்பை மட்டும் எடுத்துவிட்டான். அதனால் வெளியே கார்த்திகை வந்து மார்கழியும் பிறந்த பிறகுகூட அந்தச் சின்னத் திரையின் மூலையில் ஐப்பசித் தேதிதான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அது உடம்பில் ஏதோ ஊர்வது போலிருந்தது.

"உள்ள தேதி தப்பா இருக்கே" என்றேன்.

"உள்ள மட்டும்தானே அண்ணா? பத்திரிகைல இருக்கற தேதிய நீங்க பாத்துக்கறீங்க. எஸ்.பி. ரோட்லேர்ந்து வர்ற வரைக்கும்தான்."

இதற்கிடையில் மாமனாருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை மாதம் முழுக்க அவர் கடைக்கு வர முடியாது. அதுதான் முகூர்த்த மாதம். சாவியை வாங்கிக்கொண்டு யாராவது ஒரு மருமகன் கடையில் உட்கார வேண்டும். மாமனார் யாரென்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். மூத்தவன் நான், பதினொரு வருடமாக அந்தக் கடையின் ஒவ்வொரு பத்திரிகையையும் படித்தவன். அலுவலகத்தில் விடுப்புக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அவனும் அப்போது கம்பெனியில் ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வராமல் சும்மா இருந்தான் என்பது தெரியும். தெரிந்தும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று கலாவிடம் சொன்னேன். ஒருநாளில் எத்தனை தடவை சொன்னேன் என்று கலா கணக்குச் சொல்லக்கூடும்.

மார்கழி பாதி தாண்டிய ஒரு சனிக்கிழமை. ஓசூர் போகும் வழியில் அத்திபெலேயில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி, கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தது. சாயங்காலம் அவர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. நான் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் மேல் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்தேன்.

தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஒருநாள் இடித்தன. தமிழ்த் தேதி கல்யாண நாள். ஆங்கிலத் தேதி அதற்கு அடுத்த நாள். பெங்களூரில் எவன் தமிழ்த் தேதி பார்த்து பஸ் ஏறுகிறான்? பாதிப்பேர் மறுநாள் காலையில் காலி மண்டபத்துக்கு வந்து நிற்பார்கள்.

இந்தப் பிழையை நான் ப்ரூஃபிலேயே சிவப்பு மையில் திருத்தியிருந்தேன். செல்வி திருத்தி எடுத்துக் காட்டிய இரண்டாவது ப்ரூஃபில் 'சரி' போட்டிருந்தேன். அப்படியானால் திருத்தியது எங்கே போயிற்று? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். சிறிது நேரத்திலேயே புரிந்துவிட்டது. புரிந்தபோது எனக்கு வந்தது பதற்றமில்லை. தீபாவளிக் காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு சுகம். மாமனாரும் அவனும் மத்தியானச் சாப்பாடு முடித்து வரும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வந்ததும் ஒரு பத்திரிகையை மாமனார் கையில் கொடுத்தேன். அவர் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் விளக்கினேன். செல்வி பிழையோடு இருந்த முதல் படியை நேராக வெளியே, நிஜப் பெட்டியில் சேமித்தாள். அதன்மேல் மார்கழித் தேதி விழுந்தது. அப்படி வெளியே சேமிக்கும்போது ஹேங் ஆகிறது என்று திருத்திய படியை வி.எம்.முக்கு உள்ளேயே சேமித்தாள். உள்ளே ஐப்பசி. நேற்றோடு உள்ளே மாதம் முடிந்ததால், பழைய நிலைக்குத் திருப்புவதற்கு முன்னால் எல்லாக் கோப்புகளையும் வெளியே எடுத்துப் போட்டாள். அப்போது கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது: வெளியே இருப்பது புதியது, நீ போடுவது பழையது, மாற்றவா?

"வேண்டாம்னு அழுத்தியிருக்கா. தப்பா இருந்தது தங்கிடுச்சு. திருத்தினது அழிஞ்சிடுச்சு" என்றேன்.

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரோடு ஒட்டி நின்று துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

அவன் புருவம் மேலே போயிற்று. முகம் மலர்ந்தது.

"செல்வி இல்ல மாமா, நான்தான்! புதுசு வேணுமா பழசு வேணுமான்னு கேட்டா யாரா இருந்தாலும் புதுசுன்னுதான் சொல்வாங்க. அவ செஞ்சது ரைட்டு. தேதிய பின்னாடி இழுத்துக் கட்டி வெச்சவன் நான். அண்ணா அன்னிக்கே சொன்னார், உள்ள தேதி தப்பா இருக்குன்னு. நான்தான் கேக்கல."

இப்படித்தான். நான் கண்டுபிடித்ததைக்கூட அவனே எடுத்து எனக்குக் கொடுத்தான்.

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் செல்போனை எடுத்து அத்திபெலேக்காரருக்குப் போட்டுவிட்டான்.

"சார், உங்க பத்திரிகைல தேதிய தப்பா அடிச்சிட்டோம். நான்தான் கெடுத்தேன். எங்க செலவுல இப்பவே மறுபடி அடிக்கறோம். ஆனா சாயங்காலத்துக்குள்ள முடியாது."

அந்தப் பக்கம் போட்ட சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. அவன் நடுநடுவே "ஆமா சார், தப்புதான் சார்" என்றான். திட்டு தீர்ந்தபோது அவர் கிளம்பி வருகிறேன் என்றார். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த காலம். வந்து சேரும்போது புழுதியும் கோபமுமாக இருந்தார். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி வரவழைத்து, தப்பான பத்திரிகையை அவர் கையிலேயே கொடுத்து, எப்படிக் கெடுத்தான் என்று முழுக்கதையையும் சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான். பொட்டிக்குள் பொட்டி என்றபோது அவர் காபியை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"அப்ப உள்ள இருக்கறதுக்கு இன்னும் தீபாவளியே வரலன்றே?"

"வரும் சார். வந்த ஒடனே திரும்பப் போயிடும்."

அவர் சிரித்தேவிட்டார். பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எப்படியும் மறுபடி அடிக்கறீங்க... என் தம்பி பேர விட்டுட்டோம்பா. வேணும்னேதான். அப்புறம் வீட்ல ஒரே ரகள. ஆயிரம் பத்திரிகைக்கு ஆர்டர் குடுத்துட்டு எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறதுன்னு இருந்தேன்."

"சொல்லுங்க சார், தம்பி பேரு என்ன?" என்றான் அவன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து அடித்தாள். நான் படித்துப் பார்த்து 'சரி' போட்டேன். அவர் போகும்போது அவன் முதுகில் தட்டிவிட்டு, மண்டபத்துக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சொல்லிப் போனார். எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

அந்த வாரமே எஸ்.பி. ரோட்டிலிருந்து சரியான பிரதி வந்துவிட்டது. அவன் உள்ளே அதன் எண்ணைத் தட்ட, ஓ.எஸ். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தேதியை இன்றைக்குக் கொண்டுவந்தான்.

போகிக்கு முதல்நாள் மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சாவிக்கொத்தை அவன் கையில் கொடுத்தார்.

அவன் போன பிறகு நான் நின்றேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"தேதிய கண்டுபிடிச்சது நான், மாமா."

"நீங்க இல்லன்னா என் மானம் போயிருக்கும் மாப்ளே. யாரு இல்லேன்றா?"

"அப்புறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் பயனில்லாத கண்.

"தப்பு பண்ணா அந்தப் பொண்ணு உங்ககிட்ட மறைச்சிடும் மாப்ளே. பயம். அவர்கிட்டன்னா வந்து சொல்லிடும். நான் கண்ணக் கட்டிக்கினு வீட்ல படுத்திருக்கச்சே எனக்கு அதான் வேணும். நீங்க எப்பவும்போல ப்ரூஃப் பாத்துக் குடுங்க. அத உங்கள மாரி யாரு பாப்பா?"

தை முழுக்க அவன் கடையில் உட்கார்ந்தான். விடுப்பை ரத்து செய்துவிட்டு நான் அலுவலகம் முடிந்து போய் ப்ரூஃப் பார்த்தேன். ஒரு பத்திரிகையும் தப்பாகப் போகவில்லை. என் பார்வையால்தான் என்று இப்போதும் சொல்வேன்.

தை முடிய இருந்த ஒரு சாயங்காலம், அவன் காகிதம் வாங்க வெளியே போயிருந்தான். நான் ப்ரூஃப்களைப் படித்துக்கொண்டிருந்தேன். செல்வி இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யார பாக்கறே?"

"அண்ணன் எப்ப வருவாரு சார்?"

"ஏன்?"

"ஒண்ணு சொல்லணும்."

பேனாவைக் கீழே வைத்தேன். முடிந்த அளவு முகத்தை இளக்கி வைத்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லும்மா, பரவால்ல" என்றேன். உண்மையாகவே கேட்க விரும்பினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த ப்ரூஃபைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.